கல்லில் ஏறவிருந்த என் பிழை: மங்கநத்தம் கோயிலுக்கு ஒரு நாள்

போன தை மாதம் கோவில்பட்டிப் பக்கம் மங்கநத்தம் என்ற சிற்றூரின் பழைய கிறிஸ்தவக் கோயிலைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதியிருந்தேன். நிலம் வாங்கிக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் போதகர் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். விசாரித்தா எழுதினேன்? யாரோ சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. பேசியவர் அந்த ஊர் முப்பிடாதி, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். கோயிலுக்குப் புதுக் கல்வெட்டு வைக்கிறார்களாம். கோவில்பட்டியில் கல்வெட்டும் பட்டறைக்கு என் பதிவை அப்படியே கொடுத்திருக்கிறார்களாம். மறுநாள் சாயங்காலம் எழுத்து வெட்டப்போகிறார்களாம்.

“எடம் எங்க பூட்டன் சுடலைமுத்து குடுத்தது சார். நாங்க கிறிஸ்தவ வேதத்துல சேரல, அதுனால சபை ரிஜிஸ்டர்ல எங்க பேரு இருக்காது. கல்லுலயும் இல்லன்னா இனி யாரு நம்புவா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. என்ன ஆனாலும் அந்த எழுத்தை நிறுத்தியே தீருவது என்று கிளம்பினேன்.

மறுநாள் மதுரையில் காலை 6.40 ரயில், 55 ரூபாய். கோவில்பட்டியில் 8.20. ஊர் அங்கிருந்து 14 கிலோமீட்டர். காலை டவுன் பஸ் போய்விட்டதால் ஆட்டோ, 350 ரூபாய். முந்தின நாள் நல்ல மழை. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை தொடங்கும் இடத்தில் டிரைவர் நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல வண்டி போகாது அண்ணாச்சி. காஞ்சபெறகு வாங்க.”

காய்வதற்குள் கல் முடிந்துவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடிக்கு ஒரு கிலோ கரிசல் காலோடு வந்தது. ஐம்பது நிமிடம் ஆனது.

முப்பிடாதியும் நானும் கோயிலில் இப்போதைய போதகரைப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார். பத்திரம், கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முப்பிடாதியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.  மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைதான் முப்பிடாதியைக் காட்டிக் குறுக்கே பேசினார்.

“அறுப்பு பண்டிகை அசனத்துக்கு அடுப்புக்குழி தோண்டுமுன்ன, வருசா வருசம் இவிய வீட்டுல போயி கேக்குதோம்லா ஐயா. சரின்னு சொன்னபெறகுதான மம்பட்டிய எடுப்போம்.”

ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனம் அது. இடம் அவர்கள் கொடுத்ததாக இல்லாவிட்டால், சபையில் இல்லாத ஒரு வீட்டில் போய் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?  போன வருடம் தானும் அந்த வாசலில் போய் நின்றதாகவும், சும்மா மரியாதைக்கு என்று நினைத்ததாகவும் போதகர் சொன்னார். உடனே கல்வெட்டுபவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. திருத்திய வாசகத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி சேற்றில் நடை. கோவில்பட்டிக்கு 3.30 பஸ், 15 ரூபாய். பட்டறைக்குப் போனபோது கல்லில் எழுத்தை வரைந்து முடித்து உளியை எடுத்திருந்தார்கள். தாளை வாங்கிப் படித்தவர், சுடலைமுத்து என்ற பெயர் வேதக்கோயிலுக்குத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன்.

போகிறவர்கள் மழை மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், ஊரில் கடை இல்லை. வாசலுக்கு வலப்புறம் அந்தக் கல்லைப் பார்க்கலாம். முதல் வரி சுடலைமுத்து, வெள்ளைக்காரர் இரண்டாவது. அதைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல் பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். தை மாதம் போனபோது நான் வண்டியை நிறுத்தியது முப்பிடாதி வீட்டு வாசலில்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.