ஆயில் எஞ்சின் வைத்த பேபி கார்

போன வாரம் படூரில் எங்கள் அடுக்ககத்தில் மின்சாரம் போனது. எங்கள் ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்ததால், வாடகைக்கு வந்திருந்த ஒரு கிழட்டு ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். டுக்கு டுக்கு என்று கட்டடம் அதிர, டீசல் புகை எங்கள் மாடிவரை ஏறி வந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "மம்முட்டி எடுத்தாரட்டுமா?"

நான் சிரித்த சிரிப்பில், லிஃப்ட் ஓடுமா என்று கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே திரும்பிப் போய்விட்டார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எதையும் மாதத்தோடும் வருடத்தோடும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இது எழுபத்து நான்காம் வருடம், பெட்ரோல் விலை ஏறிய பிறகு, மதுராந்தகம் ஏரி நிரம்புவதற்கு முன்பு. ஆவணி மாதம் என்பதில் எனக்கும் மனைவிக்கும் உடன்பாடு உண்டு. ஆவணியின் தொடக்கமா கடைசியா என்ற வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். அவள் கருங்குழியிலிருந்து பஸ்ஸில் வந்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பின் சன்னலுக்குக் கீழே என் சைக்கிள் செயின் அடிக்கடி கழன்று விழும். கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தாய்மாமா பேசுவதற்காகக் கருங்குழிக்குப் போனார். இரண்டாவது டம்ளர் மோர் உள்ளே போனதும், "பையன் சொந்தமா கார் வெச்சிக்கினு கீறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் இருந்தது மணி இல்லாத சைக்கிள்.

"ஏன் மாமா இப்பிடி?"

"வேற இன்னாடா சொல்றது? பாட்டில் கழுவுறான்னா?"

பெண்ணின் அப்பா, "அப்ப கார்லயே வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதில்தான் ஆபத்து. பி.ஏ. என்று சொல்லிவிட்டு எஸ்.எஸ்.எல்.சி.யாக வந்து நின்ற ஒரு மாப்பிள்ளையை அவர் காபிகூடக் கொடுக்காமல் பஸ் ஏற்றியவர். பொய் சொன்ன இடத்தில் பெண் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். எனக்கு உடனே ஒரு கார் வேண்டும்.

என் பள்ளித் தோழன் காதர் குடும்பத்துக்குச் செங்கல்பட்டு பஜாரில் பழைய இரும்புக் கடை. அவன் என்னை நெம்மேலிப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பேபி கார் நின்றது. சின்னக் கார் எதுவானாலும் அன்று எங்களுக்கு அதுதான் பெயர். கடல் காற்று கீழ்ப்பகுதியைத் தின்றிருந்தது. மேலே இளநீர்ப் பச்சை கொஞ்சம் மிச்சம். பின் சீட்டில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. கருவாடும் கோழியும் கலந்த அந்த வாசனையை இன்றும் என்னால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும்.

"கதவு ரெண்டு கீது, சக்கரம் நாலு கீது. இன்னும் இன்னா மச்சான் ஓணும்?"

"எஞ்சின்?"

"அத்த மட்டும் கேக்காத."

தோப்புக்காரர் காருக்கு விலையாகக் கேட்டது, கோழிகளுக்கு வேறொரு கூண்டு. கொடுத்தோம். மாட்டுவண்டியின் பின்னால் கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகக் காரைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட வசதியான கார் பயணம் அமைந்ததில்லை.

காதரின் கடையில் மூன்று எஞ்சின்கள் இருந்தன. முதலாவது அந்தக் காரின் இனத்தைச் சேர்ந்த பெட்ரோல் எஞ்சின். சாது, ஆனால் மிடாக்குடி. "சம்பளத்த டேங்க்ல ஊத்திட்டு பொண்டாட்டிய பட்டினி போடுவியா?" என்றான் காதர். இரண்டாவது ஒரு ஜீப்பினுடையது. அதை உள்ளே இறக்கியதும் காரின் மூக்கு தரையைத் தொட்டு, பின்பக்கம் எழும்பி, கார் எங்களுக்கு நமஸ்காரம் செய்தது. மூன்றாவது, வற்றிய கிணறு ஒன்றிலிருந்து வந்த ஆயில் எஞ்சின். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் அதே டீசல் எஞ்சின்தான்.

நான் நூலகத்தில் மோட்டார் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்து, ஆய்வகத்துக் கரும்பலகையில் கட்டம் போட்டு மூன்றையும் ஒப்பிட்டேன். எடை, எரிபொருள், சூடு, ஆயுள் என எதையும் விடவில்லை. ஆயில் எஞ்சினின் திறன் ஐந்து குதிரை என்று இருந்தது. ஐந்து குதிரை பூட்டிய தேரில் பெண் பார்க்கப் போகிறோம் என்று பூரித்துப்போய் அதையே தேர்ந்தெடுத்தேன். சத்தம் என்று ஒரு கட்டம் போட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

எப்படியோ பெல்ட் மாட்டிப் பொருத்தினான் காதர். ரிவர்ஸ் மட்டும் விழாது. "பொண்ணு பாக்கப் போறவன் இன்னாத்துக்குடா பின்னால வரணும்?" என்றான்.

அந்த நாளும் வந்தது. காதர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பட்டுக்கரை வேட்டியில் மாமா பின்னால் ஏறினார். பாலாற்றுப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திவிட்டு, திரும்பிப் பார்த்து வருத்தப்பட்டார். கருங்குழியில் டிரங்க் ரோட்டை விட்டு வயல்களுக்கு நடுவே திரும்பினோம். அங்கே ஒருவர் வரப்பில் ஓடிவந்து வாய்க்காலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அடுத்த வயலிலும் ஒருவர் ஓடிவந்தார்.

"பாத்தியாடா, காருன்னா இன்னா மரியாத" என்று மாமா எல்லாருக்கும் கையசைத்தார்.

பெண் வீட்டில் பெண்ணின் அப்பா இல்லை. பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இப்பத்தான் மம்முட்டிய எடுத்துக்கினு கெணத்தாண்ட போனாரு."

விஷயம் இதுதான். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரே கிணறு. அன்று தண்ணீர் முறை இவருடையது. ஆனால் கரண்ட் இல்லாததால் இவருடைய மோட்டார் ஓடவில்லை. அந்தப் பக்கத்தில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர் பங்காளி ஒருவர்தான். தூரத்தில் டுக்கு டுக்கு என்று கேட்டதும், தன் முறையில் அவன் தண்ணீர் திருடுகிறான் என்று மனுஷர் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்.

நாங்கள் எஞ்சினை அணைக்கவும் இல்லை. மறுபடி கிளப்ப ஹேண்டில் சுற்ற வேண்டும், காதர் போட்டிருந்ததோ புதுச் சட்டை. அதனால் சத்தம் நிற்கவே இல்லை. சற்று நேரத்தில் தெருமுனையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி, இன்னொருவர் கையில் குழம்புச் சோறு.

"சோத்துல கைய வெச்சிக்கினு கீறேன், நான் எங்கடா எறைக்கிறேன்?"

"அப்ப அது இன்னாடா சத்தம்?"

சத்தத்தைத் தேடிக்கொண்டே இருவரும் எங்கள் காரின் முன்னால் வந்து நின்றார்கள். பெண்ணின் அப்பா மண்வெட்டிக் காம்பால் பானெட்டைத் தூக்கினார்.

"இது இன்னா?"

"கார்" என்றார் மாமா, பலவீனமாக.

"ஆயில் எஞ்சினு மேல தகரத்த கவுத்து வெச்சிக்கினு காருன்றியா?" என்று கேட்டவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. இது காரா, எஞ்சினா?"

பி.ஏ. மாப்பிள்ளையின் பஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. படித்த புத்தகம் எதுவும் உதவிக்கு வரவில்லை.

"ஓடுறப்ப காருங்க. நின்னுட்டா எஞ்சினுங்க."

உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, யோசித்தார்.

"நின்னா தண்ணி எறைக்குமா?"

"பெல்ட்டு மாட்டினா சமுத்ரத்தையே எறைக்கும் நைனா" என்றான் காதர்.

பிறகு நடந்ததை எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் போட முடியாது. ரிவர்ஸ் இல்லாத காரைப் பங்காளியும் சேர்ந்து தள்ளிக் கிணற்றடியில் நிறுத்தினோம். பம்பைப் பங்காளியே எச்சில் கையோடு கொடுத்தார். மாமா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெல்ட் நழுவாமல் கட்டையால் முட்டுக்கொடுத்தார். காய்ந்துகொண்டிருந்த நாற்றங்காலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் தண்ணீர் பாய்ச்சியது. பஜ்ஜியும் காபியும் அங்கேயே வந்தன. காபி கொண்டுவந்தவள் என்னிடம் ஏதோ கேட்டாள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமல் பலமாகத் தலையாட்டினேன். சேற்றில் இறங்கி மடை திருப்ப வருமா என்று கேட்டாளாம். உடனே மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "பொண்ண ஒங்களுக்குத் தரேன். எஞ்சின எனக்குத் தந்துட்டுப் போங்க."

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். எஞ்சின் இல்லாத கார் அவர் வீட்டுக் கொல்லையில் நின்றது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அதில் கோழிகள் குடியேறிவிட்டன.

அந்த வயல் இப்போது மனைகளாகிவிட்டது. கிணற்றைத் தூர்த்த இடத்தில் ஒரு கார் நிறுத்தம் இருக்கிறது. எங்கள் காரின் தகரம் கடைசியில் காதர் கடைக்கே வந்து, அங்கிருந்தும் போனது. காதரும் இல்லை, மாமாவும் இல்லை. டிரங்க் ரோட்டில் இன்று ஓடும் வண்டிகளின் இரைச்சலில், ஒரு சத்தத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, இது என் தண்ணீர் என்று எழுந்து ஓட அங்கே யாரும் இல்லை.

மின்சாரம் வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எடுத்துவர எங்கள் படூர் வீட்டில் மண்வெட்டி கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.