ஆற்றைத் தாண்டிய உருளைக்கிழங்கு

சாய்ராகான் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இளவயதில் மாவட்டக் கைப்பந்து அணியில் ஆடியவர். அந்தத் தோள் இன்னும் அப்படியே இருந்தது. அவர் கோபத்தில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீடான எங்கள் வீட்டில் தேநீர் தளும்பும்.

அவருடைய மகள் பெர்மெத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரெக்தியில் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு விளையும். தெரெக்தியில் மாடும் ஆடும்தான். அந்த வசந்தத்தில் பனி உருகி வந்த வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. மலையைச் சுற்றி லாரி போகலாம்தான். ஆனால் டீசல் செலவு கிழங்கின் விலையைத் தாண்டிவிடும். எந்த லாரிக்காரரும் வரவில்லை. எங்கள் கிடங்குகளில் கிழங்கு முளைவிட்டது. தெரெக்தியில் அடுப்பு எரிவது குறைந்தது.

ஒருநாள் அரசாங்கத்தின் உதவி இரண்டு லாரிகளில் வந்தது. எங்கள் ஊருக்கு. அத்தனையும் உருளைக்கிழங்கு.

"தம்பி, இது யாருக்கு?" என்று அக்கா அதிகாரியைக் கேட்டார்.

"தெரெக்தி ஜனங்களுக்குக்கா. பசியில இருக்காங்களாம்."

"தெரெக்தி அந்தக் கரையில இல்ல இருக்கு?"

"ரோடு இங்கதானே முடியுது? கையெழுத்துப் போடுங்க."

மறுகரையில் சம்பந்தியம்மா அனார்கான் கழுதையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் வந்தது.

"சம்பந்தியம்மா! வேடிக்கை காட்டத்தான் கிழங்கு வச்சிருக்கீங்களா?"

"புடிங்க!" என்று அக்கா ஒரு கிழங்கை எடுத்து வீசினார்.

முதல் கிழங்கு ஆற்றில் விழுந்தது. இரண்டாவது கழுதையின் மேல் பட்டது. கழுதை ஓடியது, கூடவே சம்பந்தியம்மாவும் ஓடினார்.

"வேணும்னே அடிச்சீங்க!"

"வேணும்னு அடிச்சிருந்தா உங்க மூக்குல பட்டிருக்கும்!"

பதில் மரியாதையாகச் சம்பந்தியம்மா கவணில் வைத்துக் குருட் அனுப்பினார். காய்ந்த தயிர் உருண்டைதான். ஆனால் அவர் வீட்டுக் குருட் கூழாங்கல்லுக்குத் தம்பி. அக்காவின் கணவர் ஓர்மொன்பெக்கின் நெற்றி வீங்கியது. அவர் அதைப் பொறுக்கி வாயில் போட்டு, "உப்பு கம்மி" என்றார்.

ஒரு வாரம் இரு ஊரும் வீசின. பாதி ஆற்றோடு போயிற்று. அது உருண்டு உருண்டு, கீழே சந்தை ஊரின் வாய்க்கால் கம்பியில் சிக்கியது. அங்கே ஏற்கெனவே கடை நிறையக் கிழங்கு. வியாபாரிகள், 'மலை நீரில் கழுவியது' என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். இதைக் கேட்ட அன்று அக்கா சாத்திய கதவு கையோடு வந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கைப்பந்தை வாங்கி, அதில் நூல் கட்டி, ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து சம்பந்தியம்மாவின் மடியிலேயே விழுந்தது. நூலோடு கயிறு போயிற்று. இரு கரையிலும் கம்பம் நட்டு, கப்பியாகச் சைக்கிள் சக்கரம் மாட்டினோம். துணி துவைக்கும் பெரிய தொட்டி ஒன்று கயிற்றில் தொங்கியபடி கிழங்கோடு போய், வெண்ணெயோடு திரும்பியது.

அதிகாரி மறுபடி வந்தார்.

"இதுக்கு அனுமதி இருக்கா? எவ்வளவு பாரம் தாங்கும்? நானே பரிசோதிக்கணும்!" என்று தொட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

நட்டாற்றில் கயிறு தொய்ந்தது. பனித்தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது.

"இழுங்க சம்பந்தியம்மா!" என்றார் அக்கா.

"உங்க ஊர் விருந்தாளி, நீங்க இழுங்க!"

"தெரெக்திக்கு வந்த உதவிதானே இவரு? நீங்களே வச்சுக்கோங்க!"

"பாலம் கட்டித் தரேன்! சத்தியமா கட்டித் தரேன்!" என்று அதிகாரி அலறினார். அதன்பிறகுதான் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்ததால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.

ஆறே வாரத்தில் இரும்புப் பாலம் வந்தது. திறப்பு விழா நாடா வெட்டுவதற்குள் அக்கா மூட்டையோடு அதன் அடியில் குனிந்து ஓடிவிட்டார். பெர்மெத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு கையில் தட்டியது. நேராக அடுப்படிக்குப் போய்ச் சம்பந்தியம்மாவை ஒரு இடி இடித்து நகர்த்திவிட்டு, கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்.

"தோலைத் தடியா சீவுறீங்க," என்றார் சம்பந்தியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.