நாலாவது டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. ராத்திரி சுடுகாட்டு வழியாக வரச் சொன்னாலும் வருவேன், வழியில் தெருநாய் இல்லாமல் இருந்தால் சரி. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது பட்டப்பகலில், விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில், மேட்னி ஷோவில்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கூட்டம் இல்லாத நேரமெல்லாம் செல்லில் சஸ்பென்ஸ் படம்தான். யார் கொலைகாரன் என்று இடைவேளைக்குள் சொல்லிவிடுவேன். படத்தில் சத்தம் போடுகிறவனை விட்டுவிடுங்கள், அவன் பாவம், வாயோடு சரி. கேட்காமலே உதவிக்கு வருகிறவன், எதிர்பாராத சத்தத்துக்கும் திடுக்கிடாதவன், இவர்களைத்தான் பார்க்க வேண்டும். பொய் சொல்கிறவன் கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவான், உண்மை சொல்கிறவன் பாதியிலேயே நிறுத்திவிடுவான். இதெல்லாம் படம் பார்த்தே கற்றது. கடைக்கு வருகிற ஆட்களையும் இப்படித்தான் எடைபோடுவேன், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா இல்லாத வீடு. தங்கை மலருக்குக் கண்டாச்சிபுரத்திலிருந்து வரன் வந்தபோது, நல்லதோ கெட்டதோ என் வாயிலிருந்துதான் முடிவு வர வேண்டும் என்றாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் குமரேசன். சொந்த நிலத்தில் விவசாயம், அதிர்ந்து பேச மாட்டார். பெண் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ச் சரிசெய்தார். அம்மா உருகிப்போனாள். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸான ஒரு சஸ்பென்ஸ் படத்துக்கு முதல் நாளே எல்லோரையும் கூட்டிப்போக முடிவு செய்தேன். படம் பார்க்கும்போது மனுஷன் முகமூடியைக் கழற்றிவைத்துவிடுவான், யாருக்காகப் பரிதாபப்படுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். இந்தத் திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மாப்பிள்ளையின் அக்காவையும் சேர்த்து நாலு டிக்கெட் போட்டிருந்தேன். கிளம்பும் நேரத்தில் அந்த அக்காவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது.

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவக்கூடாதுடி" என்று அம்மா வாசலில் கிடந்த ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து என் கைப்பைக்குள் போட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது, மூன்று பேர் கிளம்பினால் கல்தான் நாலாவது ஆள். திரும்பி வரும்போது வழியில் போட்டுவிட வேண்டும். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது சிந்தியதில் அந்தக் கல்லின் ஒரு மூலை முழுக்க நீலம்.

தியேட்டரில் சுவரோரச் சீட்டு காலியாகக் கிடந்தது. நான் பையை அதில் வைத்துவிட்டு, மலரைச் சிரிக்கவைக்க, "நாலாவது ஆளே, உனக்குத்தான் டிக்கெட் இருக்கே, நல்லா சாய்ஞ்சி உக்காந்து படம் பாரு" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

விளக்கை அணைத்த பிறகுதான் மாப்பிள்ளை வந்தார், பஸ் லேட்டாம். கையில் மல்லாட்டை, அதாவது வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். எங்களைத் தாண்டிப்போய் என் பைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். அடுத்து நான், எனக்கு இந்தப் பக்கம் மலர்.

படத்தில் ஒரு டாக்டரின் மாமியார் செத்துப்போகிறாள், போலீஸில் புகார் கொடுப்பது செத்தவளின் மருமகள். டாக்டர்தான் என்று பத்தாவது நிமிஷமே முடிவு செய்துவிட்டு நான் மாப்பிள்ளையைக் கவனித்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. சுவர்ப்பக்கம் சாய்ந்து, எதையோ கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மெதுவாகச் சிரிக்க வேறு செய்தார். தனக்குத்தானே பேசுகிற கேஸ் போலிருக்கிறது, கடவுளே, நல்லவேளை இப்போதே தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பே எழுந்துபோனவர் நாலு டீயோடு வந்தார்.

"நாலாவது யாருக்கு தம்பி?"

"அந்தம்மாவுக்குதாங்க்கா. எங்க, பாத்ரூம் போயிட்டாங்களா?"

சுவரோரச் சீட்டில் என் பை மட்டும்தான் இருந்தது. மலர் என்னைப் பார்த்தாள், நான் மலரைப் பார்த்தேன்.

"எந்தம்மா?"

"உங்க கூட வந்தவங்கதானே? பைய மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்களே. எங்கக்கா வரலன்னு உங்க பெரியம்மாவ இட்டாந்திருக்கீங்கன்னு நெனைச்சேன்." அவ்வளவுதான். புடவை நிறம், முகம், வயசு எதையும் அலங்காரமாகச் சொல்லவில்லை. என் கணக்குப்படி உண்மை சொல்கிறவன்தான் இப்படிப் பாதியில் நிறுத்துவான்.

"என்ன பேசினாங்க?"

"புகார் குடுத்த மருமவதான் கொலகாரின்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், 'பெரியவ உன்ன பரீட்சை பண்ணத்தான் இட்டாந்திருக்கா, கோச்சிக்காத'ன்னு சொன்னாங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்லக்கா. கூடப் பொறந்தவங்க சந்தேகப்படலன்னா வேற யாரு படுவாங்க?"

வாயைத் திறந்து நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவர் நாலாவது கப்பைச் சுவரோரச் சீட்டின் கைப்பிடியில் இருந்த குழியில் வைத்தார், விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு யார் படம் பார்த்தார்கள்? என் கண் சுவர்ப்பக்கமே இருந்தது, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை, இத்தனை வாய் பேசுகிற நான். கடைசியில் கொலைகாரி மருமகள்தான். முதல் நாள் படம், என் கணக்கு முதல்முறையாகத் தப்பியது.

விளக்கு போட்டதும் பார்த்தேன். நாலாவது கப் காலி. அவரே எடுத்துக் குடித்திருக்கலாம் இல்லையா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பைக்குள் கையை விட்டேன், கல் இல்லை. பையைக் கவிழ்த்தேன், செல் டார்ச் அடித்துச் சீட்டுக்கு அடியில் தேடினேன், கூட்டிப்பெருக்க வந்த அக்கா, "இன்னா தொலைச்ச? ஜல்தி பாரும்மா, அடுத்த ஷோ வுடணும்" என்றாள். கல்லைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னாடி சொல்ற, பேசி முடிச்சிடலாமா?" என்றாள். மலர் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள், "எனக்குப் பிடிச்சிருக்குக்கா, அவரு ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு, அம்மாகிட்ட சொல்லி பேஜாரு பண்ணாத" என்று. ஊரில் அத்தனை பேரைச் சந்தேகப்பட்ட நான் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, "நல்ல பையன்மா" என்றேன்.

கல்யாணம் நடந்தது, குறையொன்றும் இல்லை, மலரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். ஆனால் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஜன்னல் மேடையில் ஒரு ஜல்லிக்கல்லைப் பார்த்தேன். ஒரு மூலையில் நீலப் பெயிண்ட்.

மலரின் மாமியாரிடம் கேட்டேன். "அதுவா? மலரு வர்றதுக்கு முன்னாடியே கெடக்குது. எவன் வெச்சான்னு தெரியல, தூக்கி வெளிய போட்டாலும் மறுநாள் அங்கதான் இருக்குது" என்றார். மாப்பிள்ளையைத் திடுதிப்பென்று கேட்டேன், "எந்தக் கல்லுக்கா?" என்றார். கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை.

அவர் பொய் சொன்னார் என்றால் என் தங்கை ஒரு பொய்க்காரனோடு வாழ்கிறாள். உண்மை சொன்னார் என்றால், யாரை நான் வாயாலேயே கூப்பிட்டு உட்காரவைத்தேன்? எது தேவலாம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மலருக்கு இப்போது அஞ்சாம் மாசம். முந்தாநாள் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில், "இருக்கா, டீ பொங்குது, நாலு டம்ளர்ல ஊத்திட்டு வர்றேன்" என்றாள்.

"யாராச்சும் விருந்தாளி வந்திருக்காங்களாடி?" என்றேன்.

"இல்லியே, நாங்கதான்" என்றாள்.

அவள், மாப்பிள்ளை, மாமியார். அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர்.