வெங்காயத்தோடு விட்டுவந்த கத்தி

போன வருடம் நானும் என் மனைவியின் தம்பி சுகுவும் தெல்தெனியப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் கூடாரம் அடித்துத் தங்கினோம். காலையில் சமையலைப் பாதியில் விட்டு, வாடகைக் கயாக் படகில் மீன் பிடிக்கப் போனோம். உயிர்காப்பு அங்கிகளை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். முன்பு ஊர் இருந்த இடம் அது; பழைய மரங்கள் தண்ணீருக்கடியில் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் சுகுவின் தூண்டில் மாட்டியது.

"இழுக்காதடா, நூல வெட்டிரு" என்றேன்.

"கத்தி கூடாரத்துல வெங்காயத்தோட கெடக்கு மச்சான்" என்று எழுந்து நின்று இழுத்தான். கயாக் கவிழ்ந்தது. நூல் அவன் காலைச் சுற்றி, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. நான் முங்கிப் பல்லால் கடித்தேன். அறுபடவில்லை. சுகு மேலே வரவேயில்லை.

இப்போது யார் மீனுக்குக் கிளம்பினாலும், கத்தி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

அந்தக் கத்தி எங்கள் குசினியில், அடுப்புப் பக்கத்தில்தான் கிடக்கிறது. மனைவி அதைத் தொடுவதில்லை.