புதன்கிழமைக் கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கையெழுத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். புகைப்படப் புத்தகங்கள் போடுகிற பதிப்பகம் எங்களுடையது. கேமராக்காரர் தெருவில் நடந்தபடியே பத்து முகங்களை எடுத்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அண்ணன் வேலை. வாங்கி வந்ததைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுத்தால் தப்பில்லை, அதைப் புத்தகமாக்கி விற்றால்தான் வில்லங்கம் என்பார் எங்கள் வக்கீல். அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "கேக்காம எடுத்தா எடுத்ததுதானேம்மா" என்பார்.

ஒரு துணிப்பை, அதில் படம், படிவம், இரண்டு பேனா, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி, விரல் துடைக்க ஒரு பழைய துண்டு. இவ்வளவுதான் அவர் தளவாடம். பேப்பர் கடை, மருந்துக் கடை, சைக்கிள் நிறுத்துமிடம் என்று படத்தைக் காட்டிக்கொண்டே போவார், எப்படியும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் போக மாட்டார். ஒரு முறை கதவைச் சாத்திவிட்டால் மறுபடி அந்தக் கதவைத் தட்ட மாட்டார். இதனால் எத்தனை நல்ல படங்கள் எங்கள் கையை விட்டுப் போயின என்று எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

மனைவி போய் எட்டு வருஷம். மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒருமுறை ஏதோ காகிதம் கொடுக்கப் போனேன். ஒரே ஒரு நாற்காலி இருந்தது. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, நான் கிளம்பும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

போன வருஷம் ஒரு பஸ் நிறுத்தப் படம் வந்தது. பஸ் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, பெஞ்சில் இருக்கும் ஒரு அம்மா ஏறாமல் டிரைவருக்குக் கையாட்டுகிறார். அண்ணன் இரண்டே நாளில் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. எங்கும் போவதற்காக அல்ல, நாலு பேர் வருவதும் போவதும் தெரியுமே என்றுதான் சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்காருவாராம்.

"படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாராம். "ஒரு தடவைக்கு ஒரு பத்திதான் முடியும். கண்ணு வலிக்குது. புதன்கிழமை நாலு மணிக்கு வாங்க."

படிவத்தில் ஒன்பது பத்தி. அதை முழுசாகப் படித்த மனிதரை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது பத்தியில் 'உலகம் முழுவதும், எக்காலத்துக்கும்' என்று வரும். "எக்காலத்துக்கும்னா நான் செத்த பிறகுமா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறார் அண்ணன். "அப்பவும் நீங்கதான் வந்து சொல்லணும், உங்க படம் நல்லா ஓடுதுன்னு." இருவரும் சிரித்திருக்கிறார்கள். இதை மறுநாள் என்னிடம் சொல்லும்போதும் அண்ணன் சிரித்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்றிருந்த மனிதர், வியாழக்கிழமைகளில் என் மேஜையை விட்டு நகரவே மாட்டார். அந்த வீட்டில் ஜன்னலோரம் இப்போது இரண்டு நாற்காலி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது பத்தி முடிந்த மறுநாள் முதலாளி பொறுமை இழந்தார். "அந்த பஸ் ஸ்டாப்பத் தூக்கிட்டு ஒரு சைக்கிள் படத்தப் போடுங்க. சைக்கிள் படிவமெல்லாம் படிக்காது."

அண்ணனிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு அரை நாள் லீவுச் சீட்டு என் மேஜைக்கு வந்தது. காரணம்: சொந்த வேலை. துணிப்பையோடு கிளம்பிவிட்டார்.

"சொல்லிட்டீங்களா அண்ணே?" என்று மறுநாள் கேட்டேன்.

"அடுத்த வாரம் சொல்லிடறேம்மா."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார், இவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். இது என்ன நியாயம் என்று சண்டை போட்டேன். அடுத்த புதன்கிழமையும் லீவுச் சீட்டு வந்தது.

ஒன்பதாவது பத்தி, கையெழுத்திட்டவருக்குப் புத்தகம் ஒரு பிரதி உண்டு என்பது. அதையும் படித்துவிட்டு அந்த அம்மா உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். "எந்தப் பக்கத்துல வருவேன்?" என்று கேட்டதற்கு, "பாத்துச் சொல்றேன்" என்று வந்துவிட்டார் அண்ணன்.

புத்தகம் அச்சாகி வந்தது. ஒரு வாரம் அதை மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தபாலில் அனுப்பிவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை, கையிலேயே கொண்டு போனார்.

அந்த அம்மா முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். சைக்கிள் படத்தையும் புரட்டிக் கடைசி அட்டை வரைக்கும் போய்விட்டு, "நான் எங்க?" என்றாராம்.

அண்ணன் உள்ளதைச் சொன்னார்.

"எப்பத் தூக்கினாங்க?"

"மூணாவது பத்தி முடிஞ்ச மறுநாளே."

அந்த அம்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாராம். "அப்புறம் ஆறு வாரம் எதுக்கு வந்தீங்க?"

"வரணும்னு இருந்துச்சும்மா."

"படம் போனாப் போகட்டும்" என்றாராம். "வரட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா வாங்கன்னு சொல்லியிருப்பேன்." புத்தகத்தை மூடி இவர் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து வாசல் வரை கூடவே வந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "இப்பப் போய்க் கேளுங்க அண்ணே. வேண்டாம்னா சொன்னாங்க? வாங்கன்னுதானே சொல்லியிருப்பேன்னாங்க."

"கதவைச் சாத்திட்டாங்கம்மா."

அந்தப் படிவம் என்னிடம்தான் இருக்கிறது. சேர்ப்பதற்குப் படம் இல்லாததால் எந்தக் கோப்பிலும் போகவில்லை. அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு அண்ணன் ஒரு லீவுச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தேதி எழுதியிருந்தார், காரணத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. பேனாவை நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.