கதவுக்குள் நின்ற தண்ணீர்

எங்கள் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. அது என்னுடையதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் யாருக்குக் கார் ஓட்டினேனோ அந்தத் துரையுடையது. வெள்ளைக்காரர் போனபின் மேனேஜராக வந்த நம்மவர்தான். ஆனாலும் துரை என்றே கூப்பிட வேண்டும் என்பதில் வெள்ளைக்காரரைவிடக் கறாராக இருந்தார்.

காரைக் கழுவுவது பெரிய வேலையில்லை. துடைத்துக் காயவைப்பதுதான் பிராணனை வாங்கும். அந்த ஊர் மூடுபனியில் கட்டிய வேட்டியே மூன்று நாள் காயாது. முதலில் பழந்துணி, பிறகு மெல்லிய ஆட்டுத்தோல், பிறகு கதவுகளைத் திறந்துபோட்டு ஷெட்டுக்குள் கனல் போட்ட ஒரு கரிச்சட்டி. எல்லாம் முடிந்ததும் துரை வருவார். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு கதவு விளிம்பு, விளக்கு வளையம், நம்பர் பலகையின் பின்பக்கம் என்று தடவிப் பார்ப்பார். துளி ஈரம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உத்தியோகம் அப்படி.

பொறுக்க முடியாதது என் மனைவியின் முதல் பிரசவத்தின்போது நடந்தது. ஆடி மாத மழை. தோட்டத்து மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள். மனைவியைக் கம்பளியால் போர்த்திப் பங்களா வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். கம்பளி சொட்டச் சொட்ட நின்றாள். காரை அன்று காலையில்தான் துடைத்து நிறுத்தியிருந்தேன். துரை அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"சீட்டெல்லாம் நனைஞ்சிடும். கொழுந்து லாரி வரும், அதுல ஏத்திக்கிட்டுப் போ" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லாரி வர மூன்று மணி நேரமாயிற்று. மனைவி பிழைத்தாள். பிள்ளை ஆண், அழவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அவள் ஷெட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். நான் கதவைத் துடைத்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத் தொடைக்கிறீகளே, கதவுக்குள்ள தண்ணி நின்னா அந்தாளு கைக்குட்டைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது. கார்க் கதவு இரண்டு தகடுகளாலானது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக உள்ளே போகும் தண்ணீர் கதவின் அடியிலுள்ள துளைகளில் வடிந்துவிடும். அந்தத் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்வதும் என் வேலைதான். மறுநாள் நாலு கதவுகளிலும் துளைகளைக் களிமண்ணால் அடைத்தேன். கழுவும்போதெல்லாம் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீர் இறக்கினேன். வெளிப்பக்கத்தை மட்டும் முன்னைவிட நன்றாகத் துடைத்தேன். துரை தடவிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வேலை பழகியிருக்கிறாய் என்று பாராட்டினார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பிரேக்கில் கைவைக்கலாமா என்றும் ஒரு நாள் தோன்றியது. அவருடைய பிள்ளைகளும் அதில்தான் போவார்கள் என்பதால் விட்டேன்.

மூன்று மழைக்காலம் போனது. பெயின்ட் கொப்புளித்த இடங்களை மெழுகு தேய்த்து மறைத்தேன். பிறகு துரைக்கு மாற்றலாகி, காரை விற்க ஏற்பாடு செய்தார். முதலமடையிலிருந்து ஒரு நிலக்காரர் வந்தார். அவரிடம் காரின் பளபளப்பைத் துரையே சுற்றிக் காட்டினார். வந்தவர் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினார். அடித்தகடு பிய்ந்து, துருவும் சேறுமாகத் தரையில் விழுந்தது.

"ஏனுங்க, உள்ளுக்குள்ள பூராம் அரிச்சுப் போய்க் கெடக்குதுங்களே" என்றார் அவர். அதற்குமேல் நிற்கவில்லை.

துரை குனிந்து கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்தார். செக்கச்செவேலென்று ஒட்டியது. உள்ளே தண்ணீர் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்டார்.

"கைக்குட்டை போற எடமெல்லாம் தொடச்சிருக்கேன் தொரை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். புரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையை எறிந்துவிட்டு உள்ளே போனார். நான் அதை எடுத்து மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது நல்லேப்பிள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறோம். மகளின் காரைக் கழுவினால் கதவுத் துளைகளை நான்தான் குத்திவிடுகிறேன். மனம் ஆறியதா என்றால், இல்லை. செய்ததற்கு வருந்துகிறேனா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வோர் ஆடியிலும் மனைவி அந்தக் கைக்குட்டையைத் துவைத்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை வெயிலில் போடுவாள். கறை அப்படியே இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்த பிறகுதான் மடித்து உள்ளே வைப்பாள்.