ஒருமனதாகக் கைதட்டினேன்

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. சாந்தோமில் ஜெராக்ஸ் கடை போட்ட நாளிலிருந்து யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் படிக்காமலே நகலெடுத்துக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் போய் அந்தத் தாளைக் கொடுத்துவைத்தார்களே என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

கவுன்சிலர் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். யாரை நிறுத்துவது என்று கட்சியில் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். கீழே நாங்கள் போஸ்டர் ஒட்டுவோம். அதுதான் வழக்கம். இந்த முறை எங்கள் வார்டுக்காரர்களுக்கு என்ன ரோஷம் வந்ததோ, என் கடையில் கூடி, துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு எண்ணினார்கள். குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஜெயித்தாள். வெள்ளம் வந்தபோது வீடு வீடாகப் போய் வயதானவர்களைத் தூக்கிவந்தவள் என்பதால் யாருக்கும் ஆச்சரியமில்லை. முடிவை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. செயல்வீரர்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து அதைப் படிக்க வேண்டும்.

"நீதான் படிச்ச பொண்ணு. நீயே படி" என்றாள் அக்கா. பெருமையில் தலையாட்டிவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் பகுதிச் செயலாளர் கடைக்கு வந்தார். எங்கள் வார்டு உட்படச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கட்சியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆதார் அட்டையை நீட்டி ஒரு காப்பி கேட்டார்.

"கட்சின்றது ஒரே குடும்பம்மா. நாலு பேர் எதிர்ல ஒருத்தர் எழுந்து வேற மாதிரி பேசுனா எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான். இன்னா, நான் சொல்றது?"

"ஆமாண்ணே."

"பொண்ணு அடையார்லதான காலேஜ்? பஸ்லதான போய்க்கினு கீது?"

சிரித்த முகமாகக் காப்பியை வாங்கிக்கொண்டு போனார். மகள் வீடு திரும்பும்வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

மறுநாள் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். அக்கா புதுச்சேலை கட்டி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாள் என் கைப்பையில் இருந்தது. பகுதிச் செயலாளர் மைக்கைப் பிடித்து, வேட்பாளர் என்று தன் தம்பி மனைவியின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் அசோக் நகரில் இருப்பவர். எங்கள் வார்டில் எந்தத் தெருவில் தண்ணீர் வராது என்றுகூட அவருக்குத் தெரியாது.

"ஒருமனதா ஏத்துக்கறவங்க கைதட்டுங்க!"

எங்கள் கட்சியில் ஓட்டெடுப்பு என்றால் அவ்வளவுதான். யார் தட்டவில்லை என்பது மேடையிலிருந்து பளிச்சென்று தெரியும். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "எழுந்துரு."

மகள் பஸ்ஸுக்காகத் தனியாக நிற்பது கண்முன்னே வந்தது. நான் தட்டினேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே தட்டினேன். அக்காவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

பிரியாணிக்குக்கூட நிற்காமல் அவள் கிளம்பிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவளோடு சேர்ந்து நடப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் பின்தங்கிவிட்டேன்.

அடுத்த நாள் காலை மீன் கூடையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பேப்பர் உன்கிட்டதான கீது?"

எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"பத்து ஜெராக்ஸ் போடு. தலைமை ஆபீஸுக்கு நானே எடுத்துக்கினு போறேன்."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் மெஷினைப் போட்டேன். அக்கா குனிந்து உள்ளே வந்து என்னையே பார்த்தாள்.

"மொத கையெழுத்து உன்னுதுதான், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். நகல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. பத்திலும் என் பெயர்தான் மேலே இருந்தது.